தொழில்: பொம்மை

என் வீட்டுக்காரி உங்ககிட்ட சொன்னதெல்லாம் நான் அவகிட்ட சொன்னது டாக்டர். வாயு, ஏப்பம், காலையில சாப்பிட்டது இறங்கல, அதெல்லாம். உங்ககிட்ட சொல்ல வேண்டியது வேற. கதவைக் கொஞ்சம் சாத்திக்கட்டுமா? அவ வெளியிலயே உக்காந்திருக்கட்டும், கைல புஸ்தகம் இருக்கு.

ம். சாத்தியாச்சு.

வலியா? வலி இல்ல. அங்க இல்ல. அங்கயும் இல்ல. கூசுது, கையை எடுத்துருங்க. சொல்றேன், சொல்றேன், சொல்லத்தானே வந்திருக்கேன்.

அதுவா? அது நான் எழுதினதுதான். ஃபாரத்துல தொழில்னு ஒரு கோடு போட்டிருந்துச்சு, பொம்மைன்னு எழுதினேன். கிண்டல் எல்லாம் இல்ல. நர்ஸம்மாவும் இதையேதான் கேட்டாங்க, பொம்மை விக்கறீங்களான்னு. இல்லம்மா, யோசிக்கறேன்னேன். ஃபாரத்துல வயசு போட்டிருக்கற எடத்தை ஒரு தடவை பாத்தாங்க, என்னை ஒரு தடவை பாத்தாங்க, சரி உக்காருங்க தாத்தான்னுட்டாங்க.

படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டாக்டர். பதினோரு வருஷம் ஒரு பம்பு கம்பெனியில இருந்தேன். வீட்டுல தண்ணி ஏத்தற பம்பு இல்ல, ஆளு உயரத்துக்கு நிக்குமே, அது. சுத்தும்போது லேசா ஒரு நடுக்கம் வரும். அதை அப்படியே விட்டா பேரிங் போகும், தண்டு போகும், அப்புறம் பம்பே எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சுரும். நான் போய் மேல கையை வச்சு, எங்க ஆடுதுன்னு கண்டுபிடிச்சு, அடக்கணும். அதான் உத்தியோகம். பதினோரு வருஷமா ஆடறதையெல்லாம் நிறுத்திக்கிட்டே இருந்தா மனுஷனுக்கு என்ன தோணும் சொல்லுங்க? ஒண்ணே ஒண்ணையாவது நல்லா ஆட விட்டுப் பாக்கணும்னு தோணும்ல? எனக்குத் தோணிச்சு.

எங்க ஜெனரல் மேனேஜர்னு ஒருத்தர் இருந்தாரு. அவர் நடந்து வர்றதைப் பாக்கணும் நீங்க. முதல்ல வயிறு வரும். கொஞ்சம் எடைவெளி. அப்புறம் அவர் வருவாரு. கை ரெண்டும் முதுகுக்குப் பின்னால. எடது பக்கம் ஒரு சாய்வு, வலது பக்கம் ஒரு சாய்வு. அந்த நடையை அவர் முதுகுக்குப் பின்னால நடந்து பாக்காத ஆளே ஃபேக்டரியில கிடையாது. நான் மட்டும்தான் நடக்கல. நான் பொம்மை பண்ண அளவெடுத்தேன். எடை எங்க உக்காரணும், பாதம் எவ்வளவு வளைஞ்சிருக்கணும், ஒரு அடி எடுத்து வைக்க எவ்வளவு சரிவு வேணும், எல்லாம். பேக்கிங் பெட்டியோட மரத்துண்டு ஒண்ணு, ஆணி ரெண்டு, வயித்துக்குள்ள ஒரு பெரிய நட்டு. ஸ்பிரிங் இல்ல, பேட்டரி இல்ல. சரிவுல வச்சீங்கன்னா தானா நடக்கும். வயிறு முன்னால, ஆளு பின்னால.

வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய மீட்டிங் போடுவாங்க. நீள மேஜை, பதினாலு பேரு. அந்த மேஜைக்கு அவர் உக்காந்திருந்த பக்கம் ஒரு கால் குட்டை. எனக்கு எப்படித் தெரியும்னா, அடியில சொருகியிருந்த அட்டையை முந்தின நாள் உருவினது நான்தான். அவர் ஒழுக்கத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாரு. நான் மெதுவா என் பக்கத்துலேருந்து ஆளை எறக்கி விட்டேன். டக்கு, டக்கு, டக்குன்னு போறாரு. ஃபைலைத் தாண்டி, தண்ணி டம்ளருக்கு நடுவுல பூந்து, கை ரெண்டும் பின்னால, எடது சாய்வு, வலது சாய்வு. நேரா பெரியவர்கிட்ட போய், நிப்பாருன்னு பாத்தா நிக்கல, மடியில குதிச்சுட்டாரு.

முதல்ல ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் ஆரம்பிச்சாரு. அவருக்கென்ன, ரிட்டயர் ஆக ரெண்டே மாசம். அவர் சிரிச்சதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. மேனேஜர் பொம்மையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, யாரு செஞ்சதுன்னாரு. எந்திரிச்சு நின்னேன். வேற என்ன பண்றது, நட்டு என் டிபார்ட்மெண்ட் நட்டு. அவர் பொம்மையைக் கோட்டுப் பையில போட்டுக்கிட்டாரு. சாயங்காலம் எனக்கு வேலை போச்சு. போறபோக்குல பொம்மையைத் திருப்பிக் கேட்டேன். தரல.

வீட்டுக்கு வந்து சொன்னா, அவ பரீட்சை பேப்பர் திருத்திக்கிட்டிருக்கா. அவ ஸ்கூல்ல பூகோளம் எடுத்தவ டாக்டர், முப்பத்தஞ்சு வருஷம். அப்ப ஆறு மாசம், எங்க பொண்ணு வயித்துல. சிவப்புப் பேனாவைக் கீழ வைக்காமயே, அது எப்படி நடந்துச்சுன்னு கேட்டா. ஹால்ல இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து காட்டினேன். சிரிச்சா பாருங்க, வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சா. சிரிச்சு முடிச்சு கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, சரி, இனிமே சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னா. நியாயமான கேள்விதானே.

நான் வேற வேலை தேடல. பின்கட்டுல ஒரு ரூம் இருந்துச்சு, பழைய கட்டில் போட்டு வச்சிருந்தோம். கட்டிலைக் கழட்டி மேஜையாக்கிட்டு உக்காந்துட்டேன். மாமனார் பாக்க வந்தாரு. மாப்பிள்ளை, இப்ப என்ன பண்றீங்கன்னாரு. பொம்மை பண்றேன் மாமான்னேன். அது சரி, பொழுது போகணும்ல, வேலை என்ன பண்றீங்கன்னாரு. அதான் மாமா வேலைன்னேன். அவர் எந்திரிச்சுப் போய்ப் பொண்ணுகிட்ட, மாப்பிள்ளை நல்லாத் தூங்கறாரான்னு விசாரிச்சாரு. மாமியார் இன்னும் கெட்டிக்காரங்க. மாப்பிள்ளை குழந்தைகள் துறையில இருக்காருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. நாலு பேரு எங்கிட்ட தடுப்பூசி பத்தி சந்தேகம் கேட்டாங்க டாக்டர், உங்க பொழைப்புல நான் கை வைக்க இருந்தேன்.

இதெல்லாம் நோயைப் பத்தின விஷயம்தான். கொஞ்சம் பொறுங்க, வந்துடறேன்.

ஒன்றரை மாசம் கழிச்சு ஒரு ஃபோன். ஒரு அம்மா பேசறாங்க. மேனேஜர் வீட்டுலேருந்து பேசறேன்னாங்க. கேஸு கீஸு போடப் போறாங்களோன்னு நெனச்சேன். அவங்க குரலைத் தாழ்த்திக்கிட்டு, அந்தப் பொம்மைக்காக வீட்டுல பசங்க அடிச்சுக்கறாங்க, இன்னும் நாலு செஞ்சு தர முடியுமா, அவருக்குத் தெரிய வேண்டாம்னாங்க. கண்டிப்பா செஞ்சு தர்றேம்மான்னேன். வச்சுடப் போனவங்க திரும்ப, ஒரே ஒரு யோசனை, வயிறு இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா பொருத்தமா இருக்கும்னாங்க. அதான் எனக்கு வந்த முதல் ஆர்டர்.

அப்புறம் ஒண்ணு மாத்தி ஒண்ணு. ஆமை ஒண்ணு பண்ணினேன். முன்னால தள்ளினா பின்னால வரும், பின்னால இழுத்தா முன்னால போகும். பெரியவங்க பாத்துட்டு, ரிப்பேர் போலிருக்கேன்னாங்க. குழந்தைங்களுக்குப் பாத்ததும் புரிஞ்சு போச்சு. சொன்ன பேச்சு கேக்காத ஒண்ணு வீட்டுல தங்களைத் தவிர இன்னொண்ணு இருக்குங்கறதுல அதுகளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கடைக்காரங்க எல்லாம் கேட்டுக் கேட்டு வாங்கினாங்க.

எல்லாமே ஓடிச்சான்னா, எங்க! சத்தமே வராத மேளம் ஒண்ணு பண்ணினேன். அப்பா அம்மாக்கள் கண்ணீர் விட்டு வாங்கிட்டுப் போனாங்க. பசங்க ரெண்டு தட்டு தட்டிட்டு, அதையே தூக்கி அலமாரியில அடிச்சுச் சத்தம் பண்ணினாங்க. உருண்டு போய் தானா ஒளிஞ்சுக்கற தவளை ஒண்ணு. ரொம்ப நல்லா ஒளிஞ்சுக்கிச்சு. கட்டிலுக்கு அடியில, சோஃபாவுக்கு அடியில, ஒருத்தர் வீட்டுல தண்ணி போற குழாய்க்குள்ள. அந்த வீட்டுக்காரர் பிளம்பரையும் கூட்டிக்கிட்டு எங்க வாசலுக்கே வந்துட்டாரு. தவளையை எடுத்துக் குடுத்துட்டு அந்த பிளம்பர், இன்னொண்ணு இருக்குமா, என் பையனுக்கு வேணும்னாரு.

எங்க பொண்ணுதான் பரிசோதனை அதிகாரி. நல்லா இருக்குப்பான்னு சொன்னா அந்தப் பொம்மை அவ்வளவுதான், குப்பைக் கூடை. ஒண்ணுமே சொல்லாம தூக்கிக்கிட்டு ஓடிட்டா மட்டும் நான் வரைபடத்தை எடுத்து பத்திரப்படுத்துவேன்.

ஆமையைப் பாத்துட்டுத்தான் முதலாளியம்மா கூப்பிட்டு விட்டாங்க. ஒரு பொம்மைக் கம்பெனி வச்சிருந்தாங்க, பெரிய கம்பெனி. நான் கொண்டு போன ஆமையை வாங்கினாங்க, ஓங்கி சுவத்துல அடிச்சாங்க. எனக்கு உயிரே போயிருச்சு. ஆமை கீழ விழுந்து, பின்னால நகந்துச்சு. நாளைக்கு வேலைக்கு வாங்கன்னாங்க. அன்னிக்குப் போனவன் டாக்டர், இன்னிக்கு வரைக்கும் போறேன். அந்தம்மா இருந்த வரைக்கும் எந்தப் பொம்மையும் அந்தச் சுவத்துல அடி வாங்காம வெளியில போனதில்ல. சுவத்துல ஒரு ஆள் அகலத்துக்குப் பள்ளம் விழுந்து கிடக்கு.

இப்ப அவங்க இல்ல. போன வருஷம் போயிட்டாங்க. அவங்க மருமகன் பாத்துக்கறாரு. கெட்டவர் இல்ல, நல்லா உடுத்துவாரு, நல்லா பேசுவாரு. உங்க அனுபவத்து மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை சார்னு ஆரம்பிப்பாரு. அவர் அப்படி ஆரம்பிச்சா, நான் சொன்னதை ஓரமா வச்சுட்டாங்கன்னு அர்த்தம். முதல் காரியமா அந்தச் சுவத்துக்குப் பூச்சு பூசிட்டாரு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். என்னோட கடைசி டிசைன், ஒரு கோமாளி. துணிப் பொம்மை, இவ்வளவு பெருசு, கைக்குழந்தைக்கு. மூக்கை அமுக்கினா உள்ள மணி அடிக்கும். நான் அந்த மூக்கைத் தனியா வைக்கல. முகத்துத் துணியையே உள்ளேருந்து கூட்டி முடிச்சுப் போட்டு, அதுக்குள்ள மணி. கத்திரி வச்சாத்தான் வெளியில வரும். மருமகன் என்ன பண்ணினாரு, அது தைக்க நேரம் ஆகுதுன்னுட்டு, மணியை உள்ள வச்ச சிவப்பு ரப்பர் உருண்டை ஒண்ணைப் பசை போட்டு ஒட்டிட்டாரு. கோலிக்குண்டைவிட ஒரு சுத்து பெருசு. பாக்க என்னமோ பளபளன்னு நல்லாத்தான் இருக்கு.

வந்ததும் மூக்கைப் புடிச்சு ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்தேன். இது புடுங்கிக்கும்னேன். அவர் மெஷின்ல மாட்டிக் காட்டினாரு. மெஷின் மூக்கைப் புடிச்சு இழுக்குது, இழுக்குது, வரல. பாஸ்னு அச்சடிச்சுத் தாள் வருது. நான் சொன்னேன், தம்பி, மெஷினுக்கு எச்சில் ஊறாது. குழந்தை மூக்கைப் புடிச்சு இழுக்காது, வாயில வச்சு அரை மணி நேரம் சப்பும், கடிக்கும், அப்புறம்தான் இழுக்கும்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, உங்க அனுபவத்து மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை சார், ஆனா தயாரிப்புல நீங்க மூக்கை நுழைக்க வேண்டாமேன்னாரு. மூக்கைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கும்போது என்ன வார்த்தை பாருங்க. அவருக்கே புரியல, நான்தான் சிரிச்சேன்.

விட்டுட்டுப் போயிருக்கலாம், சரிதான். எனக்கும் வயசாச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இதை நான் வெளியில அதிகம் பேசறதில்ல.

எங்க பொண்ணுக்கு அப்ப ஒன்றரை வயசு. மத்தியானம். வீட்டுக்காரி ஸ்கூலுக்குப் போயிருந்தா, நானும் குழந்தையும்தான். பின் ரூம்ல நான் ஏதோ அறுத்துக்கிட்டிருக்கேன், குழந்தை கீழ உக்காந்து ஒரு மர வண்டியை வச்சு விளையாடிக்கிட்டிருக்கா. நான் பண்ணின வண்டி. பேசிக்கிட்டே இருப்பா அவ, புரியுதோ இல்லையோ. திடீர்னு பேச்சு நின்னு போச்சு. அது எனக்கு உடனே உறைக்கல டாக்டர். அமைதியா இருக்காளே, நல்லதுன்னு இன்னும் ரெண்டு இழுப்பு ரம்பத்தை இழுத்தேன். அந்த ரெண்டு இழுப்பு. திரும்பிப் பாத்தா முகம் நீலம் பூத்துப் போயிருக்கு. வண்டியில மூணு சக்கரம்தான் இருக்கு. தலைகீழாப் புடிச்சு முதுகுல அறைஞ்சேன், எத்தனை அறைன்னு தெரியாது. சக்கரம் தெறிச்சு விழுந்துச்சு. அழுதா. அந்த அழுகை மாதிரி ஒரு சத்தத்தை நான் அதுக்கு முன்னாலயும் கேட்டதில்ல, பின்னாலயும் கேட்டதில்ல.

சாயங்காலம் இவ வந்தா. ஒண்ணும் மறைக்கல, ரெண்டு இழுப்பு உட்பட எல்லாம் சொன்னேன். திட்டுவான்னு பாத்தேன். திட்டல. என் மேஜையில இருந்த ஸ்கேல், காம்பஸ், கோணமானி எல்லாத்தையும் ஒவ்வொண்ணாப் பாத்தா. இத்தனையும் வச்சு அளந்தீங்களே, அவ தொண்டையை அளந்தீங்களான்னா. அவ்வளவுதான் கேட்டா. குழந்தையைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. ஒன்பது நாள் எங்கிட்ட பேசல.

பொண்ணு நல்லா இருக்கா இப்ப. பாலம் கட்டற கம்பெனியில சைட் இன்ஜினியர். அங்கேருந்து கத்தினா ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும், அந்தத் தொண்டைக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அன்னியிலேருந்து என் கையால எது பண்ணினாலும் முதல்ல வாய்லதான் போடுவேன். ஆமை, தவளை, எல்லாம் என் வாய்க்குள்ள போயிட்டு வந்ததுங்கதான். பல்லு சீக்கிரம் போனதுக்கு அதுதான் காரணம்னு பல் டாக்டர் சொல்றாரு.

ஆமா, இது மேல் பல் செட்டு, கழட்டலாம். காட்டணுமா? சரி, வேண்டாம்.

இன்னிக்குக் காலையில என்ன ஆச்சுன்னா, நாளைக்குக் காலையில லாரி ஏறப் போகுது அந்தக் கோமாளிங்க. பன்னெண்டாயிரம். இன்னிக்கு மூணு மணிக்குக் கடைசி மீட்டிங். வெறும் வாயால சொன்னா மறுபடி மரியாதை வைப்பாரு, அவ்வளவுதான். அதனால வீட்டுக்கு ஒரு கோமாளியைக் கொண்டு வந்து வச்சிருந்தேன். இவ சமையல்கட்டுல இருந்தா. நான் பேப்பரை விரிச்சு முகத்தை மறைச்சுக்கிட்டு, மேல் செட்டைக் கழட்டி வச்சுட்டேன். கைக்குழந்தைக்கு ஏது அத்தனை பல்லு, சோதனைன்னா நியாயமா இருக்கணும்ல? கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு மூக்கைச் சப்ப ஆரம்பிச்சேன். சிரிக்காதீங்க. பத்து நிமிஷம், ஒண்ணும் ஆகல. பதினஞ்சு. பசை லேசாக் கசந்துச்சு. இருபத்திரெண்டாவது நிமிஷம் பொத்துன்னு கழண்டு நாக்கு மேல உக்காந்துச்சு. ஜெயிச்சுட்டேன்னு மனசுக்குள்ள ஒரே கூத்து. துப்பி, ஒரு காகிதத்துல மடிச்சு, மூணு மணிக்கு அந்த மேஜை மேல வைக்கணும். அதான் திட்டம்.

அந்த நேரம் பாத்து உள்ளேருந்து, என்ன மென்னுக்கிட்டிருக்கீங்கன்னு ஒரு குரல். ஒண்ணுமில்லன்னு சொல்ல வாயைத் திறந்தேன். ஒண்ணுன்னு சொன்னது வரைக்கும்தான் டாக்டர் நானு.

ஆமா. உள்ள போயிருச்சு. நடுவுல நின்னுச்சு, ரெண்டு விநாடி இருக்கும். நான் அறுபத்தாறு வயசு ஆளு, தண்ணி எடுத்துக் குடிக்கத் தெரியும், நெஞ்சுல குத்திக்கத் தெரியும். எனக்கே அந்த ரெண்டு விநாடி கண்ணு இருட்டிருச்சு. அப்புறம் வழுக்கிக்கிட்டு இறங்கிருச்சு. இவ வந்து பாக்கறப்ப நான் பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், மூக்கு இல்லாத கோமாளியை மடியில வச்சுக்கிட்டு. ஏன் முகம் ஒரு மாதிரி இருக்குன்னா. வாயுன்னேன். கிளம்புங்க ஆஸ்பத்திரிக்குன்னுட்டா.

இல்ல இல்ல, எடுக்கறதுக்கு மருந்து எல்லாம் அப்புறம். அது போற வழியில போகும்னு நீங்களே சொல்றீங்கல்ல. இப்ப எனக்கு வேண்டியது எக்ஸ்ரே. உள்ள இருக்கற மணி பித்தளை, நல்லாத் தெரியும். பெருசா எடுத்துக் குடுங்க, மேஜைக்கு அந்தப் பக்கத்துலேருந்து பாத்தாலும் தெரியணும். அப்புறம் உங்க கையெழுத்துல ஒரு லெட்டர். இன்னார் வயித்துல கோமாளி மூக்கு ஒண்ணு இருக்கு, இருபத்திரெண்டு நிமிஷத்துல கழண்டுச்சுன்னு. சரி, நிமிஷத்தை நீங்க பாக்கல, அதை விட்டுருங்க. மூக்கு இருக்குன்னு மட்டும் எழுதுங்க, மத்ததை நான் பேசிக்கறேன். நீங்க எழுதினா லாரி நிக்கும் டாக்டர்.

என்ன, நம்பலையா? வயசானவன் ஏதோ உளறறான்னு பாக்கறீங்களா? அந்த ஸ்டெதஸ்கோப்பை இப்படி வைங்க. இன்னும் கொஞ்சம் எடது பக்கம். ஆ, அங்கதான். இப்ப நான் ஒரு குதி குதிக்கறேன், நீங்க மூச்சைப் புடிச்சுக்கிட்டு கேளுங்க.

கேட்டுச்சா?

இன்னொரு தடவை குதிக்கறேன். நீங்க இப்படிக் குலுங்கிக் குலுங்கி சிரிச்சா மணி எப்படிக் கேக்கும்?